மூன்றாவது சிலிண்டர் போய்விட்டது, "பெட்ரோல்தான் காரணம், வாரண்டி கிடையாது" என்கிறார்கள்

பேரூர்_டர்போ, கோவை:

வணக்கம் நண்பர்களே. இங்கே நான் படிப்பதோடு சரி. முதல் தடவையாக எழுதுவதே ஒரு புலம்பலாகப் போய்விட்டது.

வண்டி 2021 டிசம்பரில் எடுத்தது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், 200 குதிரைக்கு மேல், ஆன்ரோடு 43 லட்சம். விஷயம் எங்கே போய் முடியும் என்று தெரியாததால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. மூன்று வருட வாரண்டி முடிந்து, மேற்கொண்டு இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டி நீட்டித்திருக்கிறேன். ஓடியது 41,000 கி.மீ. எல்லா சர்வீஸும் அதே டீலரிடம்தான், ஒன்றைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை.

போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது பெருந்துறைக்கு முன்னால் ஒரு லாரியைத் தாண்டலாம் என்று ஆறாவது கியரிலேயே, 1,600 ஆர்பிஎம் இருக்கும், முழுசாக மிதித்தேன். உள்ளே யாரோ சுத்தியால் தட்டியது போல ஒரு "டொக்". அப்புறம் வண்டி மாட்டு வண்டி போல ஆட ஆரம்பித்தது, மிஸ்ஸிங், பிக்கப் சுத்தமாக இல்லை, இன்ஜின் லைட் மின்னி மின்னி எரிந்தது. ஓரம் கட்டி, அணைத்து, டோ வண்டி கூப்பிட்டு சர்வீஸ் சென்டரில் விட்டேன்.

அங்கே ஸ்கேனரில் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மிஸ்ஃபயர் கோடு (பழுது எண்) வந்திருக்கிறது. காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டும் கோடு மூன்றிலேயே நின்றிருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்தால் மற்ற மூன்றும் 12 பார், இது மட்டும் 5. நான்காவது நாள் அட்வைசர் போனில் சொன்னது: "சார், பெட்ரோல் கலப்படம். வாரண்டியில் வராது. ஷார்ட் பிளாக் (பிஸ்டனோடு சேர்ந்த இன்ஜின் கீழ்ப்பகுதி) மாற்ற 6.8 லட்சம் ஆகும்." அதற்கு முன்னால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்கிறார்கள். வாரண்டியில் வராது என்று முடிவானால் பிரித்த கூலி 60,000 நான் கட்ட வேண்டுமாம்.

இன்னொன்று. கடைசி இரண்டு சர்வீஸிலும் "3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது" என்று சொன்னேன். "டர்போ வண்டி என்றால் அப்படித்தான் சார்" என்று சிரித்து அனுப்பினார்கள். ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டில்) அது ஏறவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

கையெழுத்து போடலாமா? பெட்ரோல் கதையை எப்படி மறுப்பது? நுகர்வோர் கோர்ட் என்று போனால் பிரயோஜனம் உண்டா? வீட்டில் வேறு "அந்தக் காசுக்கு ஒரு சைட் வாங்கியிருக்கலாம்" என்று தினமும் அர்ச்சனை.

ஈரோடு_ஸ்பேனர்:

தம்பி, முதலில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், லைட் மின்னியதும் நிறுத்திவிட்டீர்கள். அது நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வந்து சேரலாம். மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே வீடு வரை ஓட்டியிருந்தால் அதையும் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் கராஜ் வைத்திருக்கிறேன், கலப்படப் பெட்ரோல் குடித்த வண்டிகள் நிறைய வந்திருக்கின்றன. டேங்க் ஒன்று, பம்ப் ஒன்று, நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயில். கெட்ட பெட்ரோல் மூன்றாவது சிலிண்டர் வீட்டுக் கதவை மட்டும் பார்த்துத் தட்டாது. நாலு பிளக்கும் நிறம் மாறும், இன்ஜெக்டர் எல்லாமே கொஞ்சமாவது அடைக்கும், பம்ப் பிரஷர் கோடு வரும். மூன்று சிலிண்டர் 12, ஒன்று 5 என்றால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ உடைந்திருக்கிறது, இல்லையென்றால் எரிந்திருக்கிறது. டேங்கிலிருந்து சாம்பிள் எடுத்தார்களா? எடுத்து லேபுக்கு அனுப்பாமல் போனிலேயே கலப்படம் என்று சொன்னால் அது ஜோசியம்.

பிரிப்பதற்கு முன்னால் லீக்-டவுன் டெஸ்ட் கேளுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றி, எத்தனை சதவீதம் ஒழுகுகிறது என்று பார்ப்பது. பத்து சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை, முப்பதைத் தாண்டினால் கதை முடிந்தது. காற்று எங்கே புஸ்ஸென்று வருகிறது என்று காதை வைத்தாலே போதும். ஆயில் ஊற்றும் மூடி பக்கம் வந்தால் ரிங் அல்லது பிஸ்டன், சைலன்சர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கட். அரை மணி நேர வேலை, ஒன்றையும் கழற்ற வேண்டாம். கூடவே கேமராவை உள்ளே விட்டு போட்டோவும் எடுக்கச் சொல்லுங்கள்.

என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறாவது கியர், 1,600, முழு மிதி, ஒரு "டொக்". டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போவில் இதற்கு எல்எஸ்பிஐ, அதாவது குறைந்த ஆர்பிஎம்மில் முன்கூட்டியே பற்றுவது என்று பெயர். பிஸ்டன் ரிங் பக்கம் தங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி, பிளக் பொறி விடுவதற்கு முன்னாலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து சம்மட்டி அடி விழுந்தால் என்ன ஆகும்? இரண்டு ரிங்குக்கு நடுவே உள்ள ரிங் லேண்ட் உடையும். ஆயில் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தது என்றால் துளிக்குப் பஞ்சமே இல்லை. ஆயிலில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இது கூடும் என்று தெரிந்துதான் 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) ஆயில் தரத்தையே மாற்றினார்கள்.

அதனால் இரண்டு கேள்வி. என்ன ஆயில் ஊற்றினீர்கள், வெளியில் வாங்கி டாப்-அப் செய்தீர்களா? அப்புறம், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், டியூன் (பவரைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது) ஏதாவது போட்டீர்களா?

ஆறாவது_கியர், சென்னை:

நான் மெக்கானிக் இல்லை, ஆனால் ஒரு கியர்பாக்ஸுக்காக இரண்டு வருஷம் நுகர்வோர் ஆணையத்தின் படியேறி இறங்கியவள், எந்தக் கம்பெனி என்று நானும் சொல்லப்போவதில்லை. அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம், போனில் சொன்னது எதுவும் சொன்னதாகாது.

இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். டீலருக்கு, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, எக்ஸ்டெண்டட் வாரண்டி கொடுத்தவருக்கு, மூவருக்கும் ஒரே மெயிலாக. எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் கம்பெனியே கொடுக்கிறதா, இல்லை வேறொரு நிறுவனமா என்று பத்திரத்தைப் பாருங்கள், என்னுடையதில் மூன்றாவது ஆள் ஒருவர் ஒளிந்திருந்தார், அவரைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலு மாதம் ஆனது. மெயிலில் கோபம் வேண்டாம். எந்தத் தேதி என்ன நடந்தது, அவர்கள் எடுத்த கம்ப்ரஷன் அளவு, அவர்கள் போனில் சொன்ன காரணம், இவ்வளவு போதும். கடைசியில் இரண்டு வரி: "வாரண்டி மறுப்பை, எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டு, எழுத்தில் தரவும். எரிபொருள் காரணம் என்றால் ஆய்வக அறிக்கையைத் தரவும்." இந்த இரண்டு வரிக்குப் பிறகு பலருக்கும் குரல் மாறிவிடும்.

பிரிக்கும் பேப்பரில் அப்படியே கையெழுத்து போடாதீர்கள், ஆனால் போடவே மாட்டேன் என்றும் நிற்காதீர்கள். பிரிக்காமல் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது, வண்டி வெயிலில் நிற்கும், அவ்வளவுதான். பேனாவால் கீழே எழுதுங்கள்: பிரிக்கும்போது நானோ என் மெக்கானிக்கோ கூட இருப்போம், போட்டோ வீடியோ எடுப்போம், கழற்றிய பாகங்களை என்னிடம் எழுதி வாங்காமல் அப்புறப்படுத்தக் கூடாது, பழுது தயாரிப்புக் குறை என்று தெரிந்தால் கூலி கிடையாது. எழுதிவிட்டுக் கையெழுத்து போட்டு, நகல் வாங்குங்கள்.

கோர்ட் பற்றி. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் கோவை மாவட்ட ஆணையமே போதும், கட்டணம் 1,000 ரூபாய். பழுது வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சட்டத்தில் மூன்று மாதம், லேப் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று முடிவுக்குக் காலக்கெடு எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வையுங்கள், செலவில்லாத வேலை.

புது வண்டியே கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், வண்டியையே மாற்றுவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டது. நிபுணர் அறிக்கை இல்லாமல் "தயாரிப்புக் குறை" என்று வாதாடினாலும் நிற்காது. நான் முதலில் தோற்றது அங்கேதான்.

ஃபிளாட்_சிக்ஸ்:

ப்ரோ மனசு விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு ஒரு சிலிண்டர்தான். 2014-ல் போர்ஷே 911 ஜிடி3 வந்த புதிதில் ஐரோப்பாவில் இரண்டு கார்கள் பற்றி எரிந்தன. கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து, ராட் பிளாக்கை உடைத்து, ஆயில் கொட்டித் தீ. கம்பெனியே எல்லோரையும் ஓட்டாதீர்கள் என்று சொல்லி, 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. அந்த விலை கொடுத்தவனுக்கே அந்தக் கதி.

ஈரோடு அண்ணன் கேட்ட டியூன் கேள்விக்கு என் பதில்: போட்டிருந்தாலும் போடவில்லை என்று சொல்லுங்கள். ஸ்டாக் ஃபைலை, அதாவது கம்பெனியின் ஒரிஜினல் சாஃப்ட்வேரை, திரும்ப ஏற்றிவிட்டால் அவர்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் இருக்கிறது, மாற்றிய பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

ஆறாவது_கியர், சென்னை:

ஃபிளாட்_சிக்ஸ், அந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தைக் காட்டி இங்கே ஒரு ஸ்பூன் ஆயில்கூட வாங்க முடியாது. அது அமெரிக்கச் சட்டம். கோவை ஆணையத்தில் அதைப் படித்தால் உறுப்பினர்கள் கேட்டுவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.

பேரூர்_டர்போ, கோவை:

அண்ணா கேட்டதற்கு நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன், நேற்று இரவு தூக்கமே இல்லை.

ஆமாம், போட்டேன். 2023-ல் ஸ்டேஜ் ஒன் ரீமேப் (டியூனின் முதல் படி), எட்டு மாதம் ஓட்டினேன். வாரண்டி பயத்தில் ஸ்டாக்குக்கே திரும்பிவிட்டேன், அதற்கப்புறம் 16,000 கி.மீ. ஸ்டாக்கிலேயே ஓடியிருக்கிறது. ரீமேப் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் டே போயிருக்கிறேன். அந்தப் போட்டோ என் இன்ஸ்டாகிராமில் இருந்தது, நேற்றுதான் எடுத்தேன். பெட்ரோல் எப்போதும் 95 ஆக்டேன், பில் பெரும்பாலும் போனில் இருக்கிறது. ஆயில் சர்வீஸில் அவர்கள் ஊற்றியதுதான், ஆனால் இரண்டு தடவை அவசரத்துக்கு ஹைவே கடையில் வாங்கி டாப்-அப் செய்தேன், கிரேடு 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்தேன், மற்றதைப் பார்க்கவில்லை.

இதை முதல் பதிவிலேயே சொல்லாததற்கு மன்னியுங்கள். சொன்னால் எல்லோரும் "உனக்கு வேண்டும்" என்று போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். இனி என்ன செய்வது, மறைப்பதா, சொல்வதா?

பழைய_கிளெய்ம்காரன்:

ஒன்பது வருஷம் ஒரு டீலர்ஷிப்பில் வாரண்டி கிளெய்ம் மேசையில் உட்கார்ந்தவன். இப்போது வேறு வேலை, அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

ஃபிளாட்_சிக்ஸ் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டாக் ஃபைலை ஏற்றினால் ஃபைல்தான் பழையது. ஈசியு-வில், அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல வண்டிகளில் உள்ளேயே இருக்கும். கம்பெனி சர்வரில் மூன்று என்று இருந்து உங்கள் வண்டியில் ஐந்து என்று காட்டினால் கதை அங்கேயே தெரிந்துவிடும். அதில் உள்ள சாஃப்ட்வேரின் கேலிபரேஷன் (பதிப்பு) எண்ணும் அதன் சரிபார்ப்பு எண்ணும் தனி. சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் ஸ்கேனர் மாட்டியிருப்பார்கள், ரீமேப் இருந்த அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு சர்வீஸ் வந்திருந்தால் அன்றைக்கே தகவல் மேலே போயிருக்கும். யாரும் அன்று உங்களிடம் சொல்லவில்லை என்பதால் தெரியாது என்று நினைக்காதீர்கள். அப்புறம், போட்டோவை எடுத்தது நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் எழுத்தில் "டியூன் செய்யவே இல்லை" என்று நீங்கள் ஒரு தடவை பொய் சொல்லி அது உடைந்தால், உண்மையாகவே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற ஆயில் விஷயத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது அந்தப் பக்கத்துக் கதை. டீலர் ஏன் முதல் நாளே "வராது" என்கிறார்? வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் கூலி, உங்களிடம் வாங்கும் கூலியைவிடக் குறைவு. அதோடு பயம் வேறு. கிளெய்ம் பாஸாகி பணம் வந்து ஒரு வருஷம் கழித்துக்கூட ஆடிட் வந்து, போட்டோ இல்லை, அளவு எழுதவில்லை என்று பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். நானே அப்படி ஒரு ஹெட் வேலைக்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பெரிய இன்ஜின் வேலை என்றால் டீலருக்கு முதலில் வரும் வார்த்தை "பெட்ரோல்". அது பங்க்காரன் தலையில் போய் விழும், கம்பெனியோடும் சண்டை இல்லை, வாடிக்கையாளரோடும் நேரடிச் சண்டை இல்லை. ஆக, உங்களுக்கு வந்தது டீலரின் மறுப்பு, கம்பெனியின் மறுப்பு இல்லை. கம்பெனியிடம் டெக்னிக்கல் கேஸ் திறந்தார்களா, அதன் எண் என்ன என்று கேளுங்கள். திறக்கவில்லை என்றால் இன்னும் ஆட்டம் தொடங்கவே இல்லை. ஏரியா சர்வீஸ் மேனேஜர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் வலுவான சீட்டு ஆயில்தான். ஜாப் கார்டில் இல்லை என்றாலும், அந்த இரண்டு சர்வீஸுக்கு முன்பின் வாட்ஸ்அப்பில் அட்வைசரிடம் பேசியிருப்பீர்களே, தேடுங்கள். பலவீனமான சீட்டு ரீமேப். ஸ்டேஜ் ஒன் என்பது பெரும்பாலும் கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கை ஏற்றுவதுதான், ஸ்பேனர் அண்ணன் சொன்ன சம்மட்டி அடி விழும் இடமும் அதேதான். அதனால் முழுசாக ஜெயிக்கும் கேஸ் இல்லை இது. கம்பெனி கேட்கும் வரை நீங்களாகப் போய் வாக்குமூலம் எழுத வேண்டாம், கேட்டால் மட்டும் தேதியோடு உண்மையைச் சொல்லுங்கள், "திரும்ப ஸ்டாக் ஆக்கி 16,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ஆயில் குறைவதை இத்தனாம் தேதி சொன்னேன், நீங்கள் பார்க்கவில்லை" என்று. அப்புறம் குட்வில், அதாவது வாரண்டிக்கு வெளியே நல்லெண்ணத்தில் செலவைப் பகிர்வது, என்ற வார்த்தையை நீங்களே முதலில் சொல்லுங்கள். கம்பெனி ஒரு பங்கு, டீலர் ஒரு பங்கு, நீங்கள் ஒரு பங்கு. எல்லா சர்வீஸும் அவர்களிடமே செய்தவருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

ஃபிளாட்_சிக்ஸ்:

சரி, வாபஸ். ஆனால் ஜிடி3 கதை நிஜம்.

ஈரோடு_ஸ்பேனர்:

தம்பி, சொன்னதற்கு மரியாதை. "உனக்கு வேண்டும்" என்று நான் சொல்ல மாட்டேன், என் கராஜுக்கு வருவதில் பாதிப்பேர் அப்படித்தான். ஆனால் அந்த ஹைவே கடை ஆயில், டப்பா இன்னும் டிக்கியில் கிடந்தால் பின்பக்கம் போட்டோ எடுங்கள். எஸ்பி என்றோ, உங்கள் மேனுவலில் உள்ள அப்ரூவல் எண்ணோ இருந்தால் அது உங்கள் பக்கம் பேசும்.

பேரூர்_டர்போ, கோவை (ஏழு வாரம் கழித்து):

பாதியில் போய்விட்டேன் என்று திட்டியிருப்பீர்கள். நடந்தது இது.

அக்கா சொன்ன மாதிரியே மெயில் போட்டேன். மூன்றாவது நாள் ஒர்க்ஸ் மேனேஜரே போன் செய்தார், அதுவரை அட்வைசர் மட்டும்தான் பேசுவார். எழுத்தில் மறுப்பு தர முடியாது, ஏனென்றால் "இன்னும் மறுக்கவில்லை" என்றார்! பெட்ரோல் பேச்சு அன்றோடு காணாமல் போனது. சாம்பிள் எடுக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

லீக்-டவுன் பார்த்தபோது நானும் கூட நின்றேன். மற்றவை 8, 9 சதவீதம், மூன்றாவது 70-க்கு மேல். ஆயில் மூடியைத் திறந்ததும் பிரஷர் குக்கர் மாதிரி காற்று. நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு இன்ஜினை இறக்கினார்கள். பிஸ்டனை வெளியே எடுத்தபோது எனக்கே வயிறு கலங்கியது, இரண்டாவது ரிங்குக்கு மேலே விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு உடைந்து காணோம், சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை கீறல். மற்ற மூன்று பிஸ்டனும் தலையில் கரி தவிர சுத்தம். அண்ணன் கராஜில் உட்கார்ந்துகொண்டே சொன்னதை அங்கே ஸ்பேனர் பிடித்துக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்தார். லேப்டாப்பை மாட்டி ஐந்து நிமிடத்தில், "சார், 2023-ல் ஈசியு-வில் வெளியார் எழுதியிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், நான்தான் என்றேன். தேதி, எப்போது திரும்ப மாற்றினேன், எவ்வளவு ஓடியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், "முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் தம்பி மேல் பழி போடுவார்கள்" என்றார். ஆயில் குறைவது பற்றி அட்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் இரண்டு கிடைத்தது, ஒன்றுக்கு அவர் கட்டைவிரல் மட்டும் பதிலாகப் போட்டிருந்தார். அந்தக் கட்டைவிரல்தான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

முடிவு: வாரண்டி இல்லை, ஆனால் குட்வில். ஷார்ட் பிளாக் விலையில் 60 சதவீதம் கம்பெனி, கூலியில் பாதி டீலர், மீதி நான். என் பங்கு சுமார் 2.8 லட்சம். வழக்கு போட்டால் முழுசாகவே கிடைத்திருக்குமா தெரியாது, ரீமேப்பை வைத்துக்கொண்டு அந்தப் படி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. ஒத்துக்கொண்டேன். புது பிளாக் வந்துவிட்டது, அடுத்த வாரம் மாட்டுகிறார்கள். கையெழுத்து போடுவதற்கு முன்னால் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆறாவது_கியர், சென்னை:

என் கேஸில் நான் வக்கீலுக்குக் கொடுத்ததே இதில் பாதி வரும், ஒத்துக்கொண்டது சரிதான்.

செட்டில்மென்ட் பேப்பரில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி இருக்கும், அதை "இந்தப் பழுது தொடர்பாக" என்று சுருக்கச் சொல்லுங்கள். புதிதாக மாட்டும் பாகத்துக்கும் வேலைக்கும் எத்தனை மாதம் வாரண்டி என்று பில்லிலேயே வர வேண்டும். உங்கள் எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரீமேப்பைக் காட்டி அதை ரத்து செய்தார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள், இதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் ஆர்சி. பிளாக் மாறினால் இன்ஜின் நம்பர் மாறும். பழைய நம்பரோடு ஓட்டினால் நாளைக்கு விற்கும்போதும், ஒரு ஆக்சிடென்ட் கிளெய்மிலும் தலைவலி. டீலரின் பில், கடிதம் எல்லாவற்றோடும் ஆர்டிஓ-வில் நம்பரை மாற்றிப் பதிய வேண்டும், லோன் இருந்தால் பேங்கிடம் கடிதம் வாங்க வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும்.

பழைய_கிளெய்ம்காரன்:

அந்தக் கட்டைவிரல் போட்ட அட்வைசரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்களுக்கு ட்ரெயினிங்கிலேயே சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் எமோஜி போடாதே என்று.

ஈரோடு_ஸ்பேனர்:

பேப்பரெல்லாம் மேடம் சொல்லிவிட்டார், நான் இரும்பைச் சொல்கிறேன். அந்த உடைந்த நகத் துண்டு எங்கே போனது? ஆயில் பேனில் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே போய் டர்போவின் டர்பைனைத் தட்டியிருக்கும். புது பிளாக்கை மாட்டி, பழைய டர்போவை அப்படியே வைத்தால், பிளேடில் சேதம் இருந்து ஒரு லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும் சாமான் நிலை தடுமாறினால் அதோடு போச்சு. டர்போவைக் கழற்றி பிளேடு ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்டர்கூலருக்குள் ஆயில் தேங்கியிருக்கும், அதைக் கழுவ வேண்டும். பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆயில் புகையை வெளியேற்றும் வால்வு) புதிதாகப் போடச் சொல்லுங்கள், ஆயில் குடித்ததற்கு அதுவும் கூட்டாளியாக இருக்கலாம், மலிவான பாகம்தான். மூன்றாவது இன்ஜெக்டரைத் தனியாக டெஸ்ட் பெஞ்சில் பார்க்க வேண்டும், ஒழுகும் இன்ஜெக்டரை மறுபடி அதே இடத்தில் மாட்டினால் அதே பிஸ்டன்தான் மறுபடி.

மாட்டிய பிறகு முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், மேனுவலில் இல்லாவிட்டாலும். மிதித்தே ஆக வேண்டும் என்றால் கியரைக் குறைத்து, 2,500-க்கு மேல் கொண்டுபோய் மிதியுங்கள்.

பேரூர்_டர்போ, கோவை:

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே ஒர்க்ஸ் மேனேஜருக்கு அனுப்பினேன். துண்டு ஆயில் பேனில் இல்லையாம். இன்று மாலை டர்போவைக் கழற்றி போட்டோ அனுப்பியிருக்கிறார்கள், டர்பைனில் இரண்டு பிளேடு நுனியில் எலி கடித்த மாதிரி இருக்கிறது. "இது பழைய தேய்மானம் சார், இந்த செட்டில்மென்டில் வராது" என்று கீழே ஒரு வரி.

எழுத்தில் வந்திருக்கிறது என்பதுதான் ஒரே ஆறுதல். அக்கா, அந்த மெயிலின் வாசகத்தை மறுபடி ஒரு தடவை பார்த்துச் சொல்கிறீர்களா? இன்றிரவே அனுப்பலாம் என்று இருக்கிறேன்.